சிரட்டைக்கரியா, கேஸா, இண்டக்ஷனா?

கத்தி அடித்துப் பழக ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கரி உலை போடலாமா, கேஸ் உலை வாங்கலாமா, ஆன்லைனில் கிடைக்கும் இண்டக்ஷன் ஹீட்டரே போதுமா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதலில் அடிக்கப்போவது என்ன கத்தி? நாஞ்சில் நாட்டில் சாதாரண வீட்டிலேயே அடுக்களையில் ஒரு பிச்சாத்தி, புறவாசலில் தேங்காய் வெட்ட ஒரு வெட்டுகத்தி இருக்கும். பனையேறி வீடென்றால் பாளை அருவாள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர் வீடென்றால் பால்வெட்டுக் கத்தி. நாலும் நாலு வடிவம். கரி உலைக்கும் கேஸ் உலைக்கும் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. இண்டக்ஷனுக்கு அதுதான் எல்லாம்.

காரணம் அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரத்தை அதில் ஓடவிட்டால், சுருளுக்குள் நுழைத்த இரும்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த ஓட்டத்துக்கு இரும்பு கொடுக்கும் தடை சூடாக மாறுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட தூண்டல் விதிதான். அடுக்களை இண்டக்ஷன் அடுப்பிலும் நடப்பது இதுவே. (அந்த அடுப்பின் மேலேயே இரும்பை வைத்துப் பழுக்கக் காய்ச்சலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கண்ணாடி உடையும், கத்தி பழுக்காது.) சுருளை, அதாவது காயிலை, இரும்புக்கு எவ்வளவு நெருக்கமாக வளைக்கிறோமோ அவ்வளவு நன்றாகச் சூடு ஏறும். இடைவெளி சில மில்லிமீட்டர் கூடினாலே வேகம் கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் அதற்கென்று ஒரு காயில் வேண்டும்.

சந்தையில் இரண்டு வகை. முதலாவது, உள்ளங்கை அகலப் பலகையில் வரும் சிறிய சர்க்யூட். 48 வோல்ட் டிசி, 20 ஆம்பியர், ஆயிரம் வாட் என்று போட்டிருக்கும். விலை சில ஆயிரம். அதற்கு ஏற்ற பவர் சப்ளையைத் தனியாக வாங்க வேண்டும் என்பதைப் பலர் பிறகுதான் கவனிக்கிறார்கள். மெல்லிய போல்ட்டைச் சிவக்க வைக்கும், கத்தியின் வால்முனையைச் சூடாக்கிக் கைப்பிடிக்குள் இறக்கலாம். ஆறு மில்லிமீட்டர் தடிப்பும் நாற்பது மில்லிமீட்டர் அகலமும் உள்ள லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டை அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவர இதனால் முடியாது. காணொளிகளில் அது செய்யும் வித்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே உள்ளே போவது எப்போதும் மெல்லிய கம்பிதான்.

இரண்டாவது, ‘15 கிலோவாட்’ என்று எழுதி வரும் பெட்டி மெஷின். கத்தி வேலைக்கு உண்மையில் உதவுவது இதுதான். ஆனால் அந்தப் பதினைந்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 220 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும் மெஷின் லைனிலிருந்து எடுப்பது சுமார் ஏழு கிலோவாட். அதுவே நமக்குப் போதும். வீட்டு வயரிங்குக்குத்தான் போதாது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் சாமான் இல்லை இது. தமிழ்நாட்டில் வீட்டுச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று பேஸ் இணைப்பு வாங்கச் சொல்வார்கள். ஆகவே மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு நடை, தனி லைன், தனி எம்சிபி, நல்ல எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாம் மெஷின் விலையோடு சேர்ந்த செலவு. காயிலுக்குள் ஓயாமல் தண்ணீர் ஓடவும் வேண்டும். நின்றால் சில விநாடிகளில் செம்பு உருகும். கரண்டும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் எர்த்தில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

தண்ணீர் விஷயத்தில் குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்துக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் குழாய்க்குள் படிவு கட்டும், மின்சாரமும் அதன் வழியே கசியும். காய்ச்சி வடித்த தண்ணீர், குறைந்தது ஆர்ஓ தண்ணீர், மூடிய வாளியில் வைத்துச் சுற்றவிடுவது நல்லது. உப்புக்காற்று மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட்டையும் தின்னும். இரண்டு பருவமழையும் நிறையப் பெய்யும் மாவட்டம் எங்கள் குமரி. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் வந்து போகும்போது கரி உலைக்காரர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்குப் பிறகும் இண்டக்ஷன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நெருப்பின் வெளிச்சம் இல்லாததால் இரும்பின் நிறம் துல்லியமாகத் தெரியும். கரியில் புதைந்த இரும்பு சிவப்பா, ஆரஞ்சா என்று புதியவருக்குப் பிடிபட மாதங்கள் ஆகும். இங்கே கண்ணெதிரில் நிறம் மாறும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தன்மையை இழக்கும்போது மீட்டரில் ஆம்பியர் சட்டென்று மாறும், சூடு ஏறும் வேகமும் தளரும். அந்த ஒரு அடையாளத்தைக் கவனித்தாலே தோய்ச்சலுக்கான வெப்பம் பக்கத்தில் வந்துவிட்டது தெரியும். கரி உலைக்காரர் இதற்குக் காந்தத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். சூடேறும் நேரம் குறைவு என்பதால் செதிளும் குறைவு. கரண்ட் செலவோ அற்பம். அரைக் கிலோ இரும்பை 1,100 டிகிரிக்கு ஏற்ற வேண்டிய சூடு கணக்குப்படி 0.1 யூனிட். விரயத்தையும் சேர்த்து இரண்டு மடங்கு என்று வைத்து, பத்துப் பதினைந்து முறை மறுசூடு போட்டாலும் ஒரு கத்தி இரண்டு மூன்று யூனிட்டில் முடியும்.

சிக்கல் கத்தியின் வாய்ப்பக்கத்தில் வருகிறது. இந்த வகை மின்னோட்டம் இரும்பின் தோலில்தான் ஓடும். மெஷின் 50 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்தால், காந்தம் இழந்த இரும்பில் அந்தத் தோல் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வாயை அடித்து இரண்டு மில்லிமீட்டராக மெலித்துவிட்டால் இரு பக்கத்து ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தடித்த முதுகு மஞ்சளாகும்போது வாய் மங்கிக் கிடக்கும். கத்தியை முன்னும் பின்னும் நகர்த்தி, கொஞ்சம் விட்டுவிட்டுச் சூடாக்கிச் சமாளிக்கலாம். வாயைச் சுத்தியலால் முழுக்க மெலிக்காமல், மீதியைக் கிரைண்டருக்கு விடுவது இன்னும் நல்லது.

இப்போது நம் நாலு கத்திகளையும் காயிலுக்குள் நுழைத்துப் பாருங்கள். பால்வெட்டுக் கத்திக்குச் சூடு வேண்டியது நுனியில் மட்டும், ஒவ்வொரு கத்திக்கும் அதே இடம், அதே அளவு. இண்டக்ஷனுக்கென்றே பிறந்த வேலை. நேரான அடுக்களைப் பிச்சாத்தியும் முட்டை வடிவக் காயிலில் ஒழுங்காகப் போகும். வெட்டுகத்தி அகலம், அதற்குக் காயிலைப் பெரிதாக்கினால் பிடிப்புத் தளர்ந்துவிடும், மெஷின் திணறும். பாளை அருவாளின் வளைவோ எந்த வட்டச் சுருளுக்குள்ளும் நேராகப் போகாது. நுழைத்தாலும் ஒரு பக்கம் செம்பில் உரசிப் பொறி பறக்கும். தட்டைச் சுருள் செய்து மேலே பிடிக்கலாம், ஆனால் சூடு ஒரு பக்கமாகவே ஏறும். அருவாள் அடிக்க ஆசைப்படுகிறவர் இண்டக்ஷனை மறந்துவிடலாம்.

அவருக்குக் கரி. நாஞ்சில் நாட்டில் கரி என்றால் சிரட்டைக்கரி. தங்கம் உருக்குகிறவரும் இரும்பு அடிக்கிறவரும் காலங்காலமாக இதைத்தான் நம்பினார்கள். அடர்த்தியான கரி, சாம்பல் குறைவு, பற்ற நேரமாகும், பற்றியபின் நின்று எரியும். ஆக்டிவேட்டட் கார்பன் கம்பெனிகளும் இதையே வாங்குவதால் முன்போல் மலிவில்லை. ஆனாலும் உலை போட ஆகும் செலவு மூன்றிலும் இதுதான் குறைவு. மண் குழி, காற்று வர ஒரு இரும்புக் குழாய், துருத்திக்குப் பதில் சின்ன புளோயர். சாலையோரம் கூடாரம் போட்டு அருவாள் அடித்து விற்கும் வடநாட்டுக் குடும்பங்களை நின்று பாருங்கள். தரையில் ஒரு கைப்பிடிக் குழி, ஒரு புளோயர், அவ்வளவுதான் அவர்கள் தொழிற்சாலை. ஒருவர் பிடிக்க, ஒருவர் சம்மட்டி போட, லாரிப் பட்டை அருவாளாகிவிடும். எந்த வளைவையும் எந்த அகலத்தையும் கரி ஏற்றுக்கொள்ளும். வேண்டிய இடத்தை மட்டும் கரியில் புதைக்கலாம்.

கரியின் குறைகளும் சின்னவை அல்ல. காற்றைக் கூட்டிவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் இரும்பு வெள்ளையாகிப் பொறி கக்கி எரிந்துபோகும். அந்தத் துண்டு பிறகு எதற்கும் ஆகாது. அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு தெரியாமலே ஆளைச் சாய்க்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் திறந்த இடத்தில் உலை மூட்டினால் பக்கத்து ஓலைக்கூரைக்கு யார் பதில் சொல்வது? காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. நாகர்கோவில் ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் புகையும் கரித்தூளும் சண்டையில் முடியும். சுத்தியல் சத்தம் மூன்றுக்கும் பொது, அதற்கு எந்த மெஷினாலும் விடிவில்லை.

கேஸ் உலை இடைப்பட்டது. வளைவு, நேர், அகலம் எதுவானாலும் அறைக்குள் நுழைகிற அளவுக்கு ஒரே சீராகச் சூடாக்கும். ஊருக்குள் இருப்பவருக்கும், அடுக்களைக் கத்திகளை வரிசையாகச் செய்ய நினைப்பவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். சிவப்புச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் உரியது, அதை உலையில் மாட்டுவது சட்டப்படி தப்பு. 19 கிலோ வணிகச் சிலிண்டரோ கடையில் விற்கும் 5 கிலோ சிலிண்டரோ வாங்க வேண்டும், கூடவே ஹைபிரஷர் ரெகுலேட்டர். வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தத்தில் உலை பர்னர் சீறாது. சின்ன உலை மணிக்கு அரை முதல் ஒரு கிலோ கேஸ் குடிக்கும். தொடர்ந்து இழுத்தால் 5 கிலோ சிலிண்டர் சில்லிட்டு அழுத்தம் இறங்கிவிடும். உள்ளே போடும் செராமிக் ஃபைபர் கம்பளத்தை அப்படியே விடாமல் மேலே தீக்காரை பூச வேண்டும், அதன் இழைகள் நுரையீரலுக்கு ஆகாது. எல்பிஜி காற்றை விடக் கனம்; கசிந்தால் தரையோடு தேங்கும், ஆகவே தாழ்வான குழியிலோ ஜன்னல் உயரத்தில் மட்டும் காற்றோட்டம் உள்ள அறையிலோ வைக்கக் கூடாது.

இரும்புக்கு நடுவே எஃகைப் பற்றவைத்து அடிக்கும் பழைய முறையிலும், இப்போது மோகமாகிவிட்ட டமாஸ்கஸ் அடுக்கிலும் கரியும் கேஸும் இண்டக்ஷனைத் தூரத்தில் விட்டுவிடும். அங்கே இரும்பைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்த சுடர் வேண்டும். காயில் வெறும் காற்றில் நிற்கிறது.

எதில் காய்ச்சினாலும் பிறகு வரும் வேலை ஒன்றுதான். லாரிப் பட்டையில் பெரும்பாலும் இஎன்45 வகை எஃகு. காந்தம் ஒட்டாத நிலையிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றி, 50, 60 டிகிரிக்கு இளஞ்சூடாக்கிய எண்ணெயில் தோய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அதில் கத்தியைத் தோய்க்க மனசு வராது, கடலை எண்ணெயோ பாமாயிலோ போதும். பழைய எஞ்சின் ஆயிலின் புகை நல்லதல்ல. தோய்த்த கையோடு அடுக்களை அவனில் 200 டிகிரியில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் விறைப்பு இறங்கிக் கத்தி உடையாமல் நிற்கும். அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு தேடுகிறவர்கள் பில்லோடு வாங்குங்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்தி வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் ஆனதாக இல்லாவிட்டால் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். அலங்கார வாளைப் பழகும் காலத்தில் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆக, முதல் கத்தி அடிக்கப்போகிறவர் புறவாசலில் இடமிருந்தால் சிரட்டைக்கரியில் தொடங்கட்டும். இடமில்லாத ஊர்க்காரர் கேஸுக்குப் போகட்டும். ஏற்கெனவே ஓர் உலை ஓடுகிறது, பட்டறையில் மூன்று பேஸ் இருக்கிறது, ஒரே அளவுப் பிச்சாத்தியையோ பால்வெட்டுக் கத்தியையோ திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பவருக்கு இரண்டாவது அடுப்பாக இண்டக்ஷன் வாங்குவதில் தப்பே இல்லை. உடம்பில் பேஸ்மேக்கர் வைத்தவர் அதன் பக்கம் வரக் கூடாது. மோதிரமும் வாட்ச்சும் கழற்றிவிட்டுத்தான் காயிலருகே கை போக வேண்டும்.

வாங்கும்போது விற்பவரிடம் கிலோவாட்டைக் கேட்காமல் எத்தனை ஆம்பியர் இழுக்கும், எவ்வளவு நேரம் ஓட்டி எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும், போர்டு எரிந்தால் தமிழ்நாட்டுக்குள் யார் பழுது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். காயிலை நீங்களே வளைத்துக்கொள்ளலாம். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் எட்டு மில்லிமீட்டர் செம்புக் குழாய், உள்ளே காய்ந்த மணலை இறுக நிரப்பி இரு முனையும் அடைத்து, அடிக்கப்போகும் கத்தியை விடச் சற்றுப் பெரிய மரக்கட்டையைச் சுற்றி வளைத்தால் குழாய் நசுங்காது. பிறகு மணலைத் தட்டிக் கொட்டி, தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பின்தான் மெஷினில் மாட்ட வேண்டும்.