எண்ணெயும் இடுப்புச் சுற்றளவும்

ஆரணிப் பகுதியில் ஊருக்குள் பட்டுத் தறியும், ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையும் உண்டு. கொல்லையில் களை வெட்டுபவரும், தறிக்குழியில் காலை வைத்து நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில் தாளித்த குழம்பைத்தான் உண்கிறார்கள். அந்த எண்ணெய் இருவர் உடலிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

"ஆள் ஒல்லிதானே, கொழுப்பு எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதம், யாக்னிக்குக்கு 21.2 சதம்! நம் நாட்டவரிடம் காணப்படும் இக்கொழுப்பு வெளியே தெரிவதில்லை.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுவைக் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிர் நிரம்பினால் மேற்கொண்டு வரும் நெல்லைக் கண்ட இடத்தில் கொட்டுகிறோம். அதுபோல மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிறது. அளவுக்கு மீறிப் புடைத்த கொழுப்பு அணுக்களில் சில மடிகின்றன. அவற்றை அகற்ற வெள்ளையணுக்கள் கூடுகின்றன. புண்ணில் ஏற்படுவது போன்ற அழற்சிதான் இது. ஆனால் வலி இராது, காய்ச்சல் இராது, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அங்கிருந்து கசியும் பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் நீரிழிவுக்கு வழி ஏற்படுகிறது.

எண்ணெயின் வகைக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு 7 வாரம், வழக்கமான உணவுக்கு மேல் கேக் கொடுத்தனர். ஒரு பிரிவுக்குப் பாமாயில் கேக், மறு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெய்க் கேக். இரு பிரிவிலும் எடை சுமார் 1.6 கிலோ கூடியது. ஆனால் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது பாமாயில் பிரிவினருக்கே. 2014இல் இம்முடிவு வெளியாயிற்று. இதற்காக ரேஷன் பாமாயிலைக் கீழே கொட்டிவிட வேண்டாம். அவர்கள் தேவைக்கு மேல் தின்றவர்கள்.

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறையப் பாதி. நம் மல்லாட்டை எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். அதில் கிடைக்காதது ஒமேகா-3. மத்தி, அயிலை மீன்களும் ஆளிவிதையும் அக்குறையைப் போக்கும்.

சொந்த மல்லாட்டை, சொந்த எண்ணெய் என்பதால் நாம் அளவு பார்ப்பதில்லை. தவறு நேர்வது இங்கேதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 25 கிராம் எண்ணெய் போதும். உட்கார்ந்த வேலையானால் 25, 20 கிராம். இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள உழைக்கும் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல் வரும். உங்கள் வீட்டு டின் எத்தனை நாளில் காலியாகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளக்கலாம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது.

செக்குக்கு அனுப்புமுன் காய்களை ஈரப்பதம் 8 சதத்துக்குக் குறையும்வரை காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென ஓசை தரும். பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். அதன் அஃப்ளாடாக்சின் நஞ்சு செக்கெண்ணெயிலும் பிண்ணாக்கிலும் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலிலும் சிறிதளவு வந்து சேரும்.