மலை ஏறுவது குதிரைத்திறன் மட்டுமா?

"250 குதிரைத்திறன் வண்டி சார், கொல்லிமலை என்ன, திம்பம் என்ன, எவ்வளவு ஏத்துனாலும் போயிரும்." குமாரபாளையம் பைபாஸில் லாரிகள் நிற்கும் டீக்கடை எதிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அந்த 28.5 டன்னோடு, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் எழும் மேட்டில், 200 குதிரைத்திறன் வண்டி தம் கட்டி ஏறினாலும் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். 250 ஆக்கினால் 19. நான்கு கிலோமீட்டர் கூடுகிறது, அவ்வளவே. அந்தத் தெம்பில் இன்னும் ஐந்து டன் ஏற்றினால் வேகம் மறுபடி 16-க்கு வந்து நிற்கும். குதிரைத்திறன் சொல்வது எத்தனை வேகத்தில் ஏறலாம் என்பதை. ஏறுமா, ஏறாதா என்று சொல்வது முதல் கியரும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரமும் சேர்ந்து சக்கரத்துக்குக் கொடுக்கும் முறுக்குவிசை.

இதெல்லாம் ஏற்றத்துக்கு. இறக்கம்? 28.5 டன்னை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் எரிகிறது. தூக்கிய எடை கீழே வரும்போது அந்தச் சக்தி எங்கே போகும்? கியரில் என்ஜின் பிடிக்காத மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும். என்ஜினைப் பெரிதாக்கி, பாரத்தையும் கூட்டியவர் பிரேக்கைப் பெரிதாக்கினாரா? இல்லை.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லாரிக்காரர் பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பலாம். ரிக்குக்குப் பாரமே உடம்பு. வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு மலை சுற்றும் கேம்பர் வண்டிகளுக்கும் அதே கதிதான்.

மேட்டில் மேல் கியரில் இழுத்தால் டீசல் மிச்சமாம். மிச்சமாகாது. திணறும் என்ஜின் கரும்புகைதான் கக்கும். சூடேறினால் உடனே ஆஃப் செய்ய வேண்டுமாம். தண்ணீரும் ஆயிலும் ஓடினால்தானே டர்போ ஆறும்? ஓரமாக நிறுத்தி, சிறிது நேரம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றித் தொப்பூர் கணவாயிடம் கேளுங்கள். வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்றைய என்ஜின் டீசலே தெளிக்காது. நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கிறது. மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதற்கு மேல் கியரில் இறங்காதீர்கள்.

கடைசியாக என் பழைய புலம்பல். சம்பளம் மிச்சம் என்று கிளீனரை ஒழித்துவிட்டோம். கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் திம்பத்தின் 27 வளைவுகளிலும் மேட்டில் நின்றுபோன வண்டியின் பின்சக்கரத்துக்குக் கட்டை போட யார் இறங்குவது? டிரைவரா? பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட்டா? ஓனர்மார்களே, மலைக்கு அனுப்பும் வண்டியிலாவது இரண்டாவது ஆளை ஏற்றி அனுப்புங்கள்.