இறுகிய சக்கர நட்டைக் கழற்றுதல்: கருவித் தேர்வும் காப்பு முறையும்

நெல் மூட்டையை ஏற்றிச் செல்வதற்கும், நூற்கட்டுகளைக் கொண்டு வருவதற்கும் டிராக்டர், டிரெயிலர், சரக்கு வண்டி ஆகியவை நமக்கு இன்றியமையாதனவாகி விட்டன. நடுவழியில் ஒரு சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால், மாற்றுச் சக்கரம் கையிலிருந்தும் நட்டு அசையாது நின்றுவிடுவதுண்டு. அவ்வேளையில் ஒருவர் ஸ்பானரின் மீது ஏறி மிதிப்பார். ஸ்பானர் நழுவும், முழங்காலோ பல்லோ உடையும். இவ்விபத்து உடல் வலிமைக் குறைவால் நேர்வதன்று. கருவி பொருந்தாமையாலும் பொறுமையின்மையாலும் நேர்வதாகும். சிக்கு விழுந்த நூலை வெடுக்கென இழுத்தால் அறுந்துவிடும் என்பதை நெசவாளர் அறிவர். நட்டின் இயல்பும் அத்தகையதே.

1. நட்டு இறுகுவதற்குரிய காரணங்கள்

முதலாவது, துரு. சேற்று நீரும், உரத்திலுள்ள உப்பும் மரைக்குள் புகுந்து துருவை வளர்க்கின்றன. இரண்டாவது, அளவுக்கு மீறி முடுக்குதல். ஏர் கன் கொண்டு அளவு பாராது முடுக்கிய நட்டு, பின்னர்க் கைக்கருவிக்கு எளிதில் இணங்குவதில்லை. மூன்றாவது, மரை கோணலாக ஏறியிருத்தல்.

2. கைப்பிடியின் நீளம்

திருப்பு விசையென்பது, கை தரும் விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கிய அளவாகும். 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரில் 20 கிலோ விசை தந்தால் 6 கிலோ மீட்டர் கிடைக்கும். அதே விசையை 60 செ.மீ. தண்டில் தந்தால் 12 கிலோ மீட்டர் ஆகும். சாதாரணக் காரின் நட்டை முடுக்கும் அளவே ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ மீட்டர் வரையாகும். சரக்கு வண்டிக்கு இதனினும் பன்மடங்கு தேவை. ஆகவே, உதைப்பதைக் காட்டிலும் நீண்ட தண்டைக் கொள்வதே அறிவுடைமை.

3. எக்கருவி ஏற்றது?

நட்டின் ஆறு முகங்களையும் பற்றும் அறுமுகச் சாக்கெட்டே முதன்மையானது. வாய் திறந்த ஸ்பானர் இரண்டு முகங்களை மட்டுமே பற்றும். ஸ்குரூ ஸ்பானர் அதனினும் தளர்ச்சியாக நிற்கும். இவை இரண்டும் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். சிலுவை வடிவ வீல் ஸ்பானரில் இரு கைகளும் சமமாக வேலை செய்வதால் கருவி சாய்வது குறைவு. மிக இறுகிய நட்டுக்கு, இதற்கெனவே செய்யப்பட்ட நீளத் தண்டைப் பயன்படுத்துக. சிறிய ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகினால், தாங்கும் அளவைக் கடந்து ஸ்பானர் முறியலாம். ஏர் கன்னுக்கு அதற்குரிய தடித்த சாக்கெட்டையே பூட்டுக. சாதாரணச் சாக்கெட் வெடித்துச் சிதறக்கூடும்.

4. செய்முறை

(அ) வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுக. மற்றச் சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை வைக்குக.
(ஆ) சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டைச் சற்றுத் தளர்த்துக. ஜாக்கியில் நிற்கும் வண்டியில் பலங்கொண்டு இழுப்பது பேரபாயம்.
(இ) வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் இட்டு, அரை மணி நேரமேனும் காத்திருக்க. எண்ணெய் பிரேக்கில் படலாகாது.
(ஈ) சாக்கெட்டை முழுவதும் அழுத்திப் பொருத்தி, இடஞ்சுழியாக இழுக்க. சில பழைய கனரக வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர் மரை இருக்கும். அதனை முன்னரே அறிந்துகொள்க.
(உ) அசையாவிடில், முடுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்துப் பின்னர்த் தளர்த்துக. துருவின் பிடி விடும்.
(ஊ) தள்ளுவதைவிடத் தன்பால் இழுப்பதே நன்று. தள்ள நேர்ந்தால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுக.

5. செய்யத் தகாதவை

டயர் பூட்டிய சக்கரத்தில் தீ காட்டலாகாது. சூட்டினால் டயர் வெடித்து உயிரைக் குடிக்கும். ஸ்டட்டின் உறுதியும் கெடும். இரு பாதிகளாக அமைந்த ரிம்மில், பாதிகளை இணைக்கும் நட்டு வேறு, சக்கரத்தை வண்டியில் பூட்டும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது முன்னதைத் தளர்த்தினால் ரிம் பிளந்து பாயும். இத்தகைய ரிம்மைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

6. மீண்டும் பூட்டுதல்

அடுத்த முறை எளிதாகக் கழற்றுவது, இன்று ஒழுங்காகப் பூட்டுவதைப் பொறுத்தது. எண்ணெயைத் துடைத்துவிடுக, எண்ணெய்ப் பசையுள்ள மரையில் அதே முடுக்கு, ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். முதற் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுக. பின்னர் எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முடிக்குக. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் சோதிக்குக. தளர்ந்த நட்டினால் சக்கரமே கழன்றோடும்.

தரமான சாக்கெட், நீளத் தண்டு, டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது அரிது. சங்கத்தின் பொதுவில் ஒரு தொகுதி வாங்கிப் பதிவேட்டில் எழுதி வழங்கினால், பலரும் பயனடைவர். கருவியின் விலை ஒருவரது கையின் விலைக்கு ஈடாகாது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. வண்டியை உயர்த்துமுன் நட்டைத் தளர்த்துவது ஏன்?
2. 24 கிலோ மீட்டர் திருப்பு விசைக்கு 80 செ.மீ. தண்டில் எத்தனை கிலோ விசை தரவேண்டும்?
3. உங்கள் சங்க வண்டியின் நட்டுகளை இறுதியாகச் சோதித்த நாள் எது?