அடக்குதலும் அடங்குதலும்: மாணவர் உணர்வு மேலாண்மைக் கல்வியில் மெய்ப்பாட்டியலும் திருக்குறளும் – காந்திகிராமக் கல்விமரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மன அழுத்த மேலாண்மை இன்று கல்லூரிகளில் பாடமாகவும் பயிற்சியாகவும் இடம்பெற்று வருகிறது. இப்பயிற்சிகளின் கலைச்சொற்களில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்பின்வழி வந்தவை. ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல் அச்சத்தையும் அவமானத்தையும் இழப்பையும் களைப்பையும் நோயாகிய மனச்சோர்வையும் ஒருசேரச் சுட்டுகிறது. தன் உணர்வு இன்னதெனப் பெயரிட்டறியாத மாணவர் அதனை நெறிப்படுத்தக் கற்பது அரிது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்வையும் அதன் நிலைக்களனையும் பிரித்துக் காட்டும் முறையும், திருக்குறள் ‘அடங்கு’, ‘அடக்கு’ என்னும் வினைகளை ஆளும் முறையும் இக்கல்விக்கு எவ்வாறு பயன்படும் என்பதைக் காந்திகிராமக் கல்விமரபின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்

மெய்ப்பாடு, நிலைக்களன், அடக்கம், இடுக்கண், கையாறு, மன அழுத்தம், காந்திகிராமம்.

முன்னுரை

உலக நலவாழ்வு அமைப்பு 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களுள் அழுத்தத்தைக் கையாளுதலும் உணர்வுகளைக் கையாளுதலும் தனித்தனித் திறன்களாக இடம்பெற்றுள்ளன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் இளநிலை மாணவர்க்கென ‘ஜீவன் கௌசல்’ என்னும் வாழ்க்கைத்திறன் பாடத்திட்டத்தை வெளியிட்டது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநரையேனும் உளவியலாளரையேனும் சமூகப் பணியாளரையேனும் அமர்த்த வேண்டும் என்பது உள்ளிட்ட நெறிமுறைகளை வகுத்தது. ஆகவே, உணர்வு மேலாண்மையைக் கற்பிக்க வேண்டுமா என்னும் வினா இன்று பெரிதும் தீர்ந்துவிட்டது. எந்த மொழியில், எந்தச் சொற்களால் கற்பிப்பது என்னும் வினாவே எஞ்சி நிற்கிறது. அவ்வினாவுக்கு விடை தேடும் பொறுப்பில் தமிழாய்வுக்கும் பங்குண்டு.

‘மன அழுத்தம்’ என்னும் சொல்லின் இடர்ப்பாடு

உடலியல் அறிஞர் ஆன்சு செல்யே 1936இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பைத் தொடர்ந்து, பொறியியலில் பொருளின்மேல் செயற்படும் விசையைக் குறித்த ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல் மருத்துவத்திலும் உளவியலிலும் வேரூன்றியது. தமிழில் ‘அழுத்தம்’ என்னும் சொல் அப்பொருளைச் செம்மையாகவே தாங்குகிறது. எனினும் இதழ்களிலும் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்பது ‘டிப்ரஷன்’ எனப்படும் மனச்சோர்வு நோய்க்கும் வழங்கப்படுகிறது. தேர்வுக்கு முதல்நாள் தோன்றி மறையும் பதற்றமும், வாரக்கணக்கில் உறக்கமும் ஊக்கமும் கெட்டுக் கிடக்கும் நோய்நிலையும் ஒரே பெயரைப் பெறுகின்றன. முன்னது பயிற்சியால் தணிவது. பின்னதற்கு மருத்துவம் தேவை. சொல் பிரியாதவிடத்து உதவியும் பிரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற கிராமப்புற மாணவர் ஒருவர் ஆங்கிலவழி வகுப்பில் முதலாண்டு சேர்கிறார். சில வாரங்களில் ‘மன அழுத்தமாக இருக்கிறது’ என்கிறார். ஆசிரியர் வினா எழுப்புவாரோ என்ற அச்சம் அதற்குக் காரணமாகலாம்; தம் ஒலிப்பைப் பிறர் நகைத்ததால் நேர்ந்த இழிவாகலாம்; பள்ளியில் முதலிடம் பெற்றவர் இங்குக் கடைசி வரிசைக்கு வந்ததால் உண்டான வருத்தமாகலாம்; விடுதிக் கட்டணம் கட்ட இயலாமையாகலாம். நான்கும் நால்வேறு துயரங்கள். நான்கிற்கும் தீர்வுகள் வேறு. ஒரே சொல்லைக் கேட்கும் ஆசிரியர் ஒரே அறிவுரையை வழங்கி அமைகிறார்.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

இவ்விடத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களங்கள். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் அசைவு எனப் பேராசிரியர் உரைவழிப் பொருள் கொள்ளலாம். அச்சத்தின் களங்களுள் ஒன்று ‘இறை’, அதாவது தம்மேல் அதிகாரம் உடையோர். மேற்கண்ட மாணவரின் நான்கு துயரங்களையும் இப்பகுப்பில் பொருத்திக் காண இயல்கிறது. வினாவுக்கு அஞ்சுவது இறை பற்றிய அச்சம். ஒலிப்புக்காக இகழப்படுவது இளிவு. நிலை தாழ்ந்தது அசைவு. கட்டணம் கட்ட இயலாமை வறுமை.

எட்டு மெய்ப்பாடுகளை அடுத்துத் தொல்காப்பியர் மேலும் முப்பத்திரண்டைத் தொகுக்கிறார். அவற்றுள் வியர்த்தல், நடுக்கு, உயிர்ப்பு, விரைவு, துஞ்சல், கனவு போன்றவை உடலிலும் உறக்கத்திலும் வெளிப்படுவன. மடிமை, ஐயம், இடுக்கண், கையாறு போன்றவை உள்ளத்தின் தளர்ச்சியைச் சுட்டுவன. அடக்கமும் நடுவுநிலையும் அதே தொகுப்பில் இடம்பெறுகின்றன. கலக்கமும் அதன் தணிவும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

மெய்ப்பாட்டியல் செய்யுளியல் சார்ந்த இலக்கணமே அன்றி உளவியல் நூலன்று. இக்கால ஆய்வுமுடிவுகளைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் எனக் கூறுவது இலக்கணத்திற்கும் நீதியாகாது, உளவியலுக்கும் நீதியாகாது. எனினும் உணர்வுக்குப் பெயரிடும் சொல்வளமாக அதனைப் பயன்கொள்வதற்கு அடிப்படை உண்டு. மேத்யூ லீபர்மனும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உணர்வைச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலாவின் செயற்பாடு தணிவதைக் காட்டியது. உணர்வுகளை நுண்ணிதாக வேறுபடுத்திப் பெயரிடுவோர் அவற்றை நெறிப்படுத்துவதிலும் திறனுடையோராக உள்ளனர் என்பது லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலியோரின் ஆய்வுகளால் புலப்படுகிறது. எனவே சொல்வளம் அணியாக நின்றுவிடாமல் திறனின் ஒரு கூறாகவும் அமைகிறது.

அடக்குதலும் அடங்குதலும்

உணர்வை நெறிப்படுத்துதல் என்றவுடன் ‘உணர்ச்சியை அடக்கு’ என்னும் அறிவுரையே வகுப்பறையில் முந்தி வருகிறது. அதற்குச் சான்றாகத் திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் காட்டப்படுவதும் வழக்கம். இச்சான்று முழுமையும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

‘அடங்கு’ தன்வினை, ‘அடக்கு’ பிறவினை. கலங்கு – கலக்கம், மயங்கு – மயக்கம், முழங்கு – முழக்கம் எனத் தன்வினையிலிருந்து பெயர் பிறக்கும் முறையிலேயே அடங்கு – அடக்கம் என்பதும் அமைகிறது. அடக்கமுடைமை அதிகாரத்துள் 123, 124, 130 ஆகிய குறள்களில் மாந்தரைப் பற்றி வருவது ‘அடங்கு’ என்னும் தன்வினையே. 126ஆம் குறளில் மட்டும் ஆமையை உவமையாக்கி ஐம்பொறிகளைக் கூறுமிடத்துப் ‘அடக்கு’ என்னும் பிறவினை ஆளப்படுகிறது. பொறிகள் அடக்கப்படுவன, மாந்தர் அடங்குபவர். சினங்காத்தலையும் கற்றலையும் அடங்குதலையும் ஒருங்கே வைத்துப் பேசும் 130ஆம் குறள், அடக்கத்தைக் கல்வியின் விளைவாகக் காட்டுகிறது. அச்சுறுத்தலின் விளைவாகக் காட்டவில்லை.

இவ்வேறுபாடு கற்பித்தலில் முதன்மையானது. ஜேம்ஸ் கிராஸ், ஆலிவர் ஜான் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, உணர்வின் வெளிப்பாட்டை மட்டும் அமுக்கி வைக்கும் பழக்கமுடையோரைவிட, நிகழ்வை வேறு நோக்கில் எண்ணிப் பார்க்கும் பழக்கமுடையோர் நல்வாழ்வு மிக்கோராக இருப்பதைக் காட்டியது. முன்னதை அடக்குதல் என்றும், பின்னதை அடங்குதலுக்குரிய வழி என்றும் தமிழில் கூறலாம்.

அடங்குதலுக்கு வழியாவது எண்ணமே என்பதை இடுக்கண் அழியாமை அதிகாரம் உணர்த்துகிறது. வெள்ளம் போன்ற இடும்பையும் அறிவுடையோர் உள்ளத்தால் எண்ணிய அளவில் கெடும் என்பது 622ஆம் குறளின் கருத்து. உடம்பு துன்பத்திற்கு இலக்கு என உணர்ந்த மேலோர் கலக்கத்தைக் கையாறாகக் கொள்ளார் என்பது 627ஆம் குறளின் கருத்து. கலக்கம் என்பது உற்ற நிலை. கையாறு என்பது செய்வதற்கு ஏதுமில்லை என்னும் முடிவு. முன்னது நேர்வதை வள்ளுவர் மறுக்கவில்லை. அது பின்னதாக மாறுவதையே தடுக்கச் சொல்கிறார். தேர்வில் தோற்ற மாணவர் கலங்குவது இயல்பு. ‘இனி எதுவும் இயலாது’ என முடிவுகட்டும் இடத்திலேயே ஆசிரியரின் துணை வேண்டப்படுகிறது.

காந்திகிராமக் கல்விமரபு

இத்தகைய கல்வி சொற்பொழிவால் மட்டும் கைகூடாது. பழகுதற்குக் களம் வேண்டும். திண்டுக்கல் – மதுரை வழியில் சின்னாளபட்டியை அடுத்துச் சிறுமலைச் சாரலில் அமைந்த காந்திகிராமம், டாக்டர் சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் ஆகியோரால் 1947இல் தோற்றுவிக்கப்பட்டது. அங்கு 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக்கல்விச் சிந்தனை கையையும் அறிவையும் உள்ளத்தையும் ஒருங்கே வளர்ப்பது. அச்சிந்தனையின் வழியில் வளர்ந்த காந்திகிராமத்தில் கற்பித்தலோடும் ஆய்வோடும் கிராம விரிவாக்கப் பணியும் கல்வியின் கூறாயிற்று. மாணவர்க்குப் பூசல் தணித்தலிலும் சமூகப் பணியிலும் பயிற்சியளிக்கும் சாந்தி சேனை அமைப்பும் இங்கு வளர்ந்தது.

உணர்வு மேலாண்மைக்கு இம்மரபு தரும் பாடம் ஒன்றுண்டு. பூசலிடையே நிற்கப் பழகும் மாணவர் முதலில் தம் வெகுளியை உணர வேண்டும். பின்னரே பிறர் வெகுளியைத் தணிக்க இயலும். ஊரில் தங்கிப் பணியாற்றும் மாணவர் தம் துயரைப் பிறர் துயரோடு வைத்து அளக்கப் பழகுகிறார். தன்னடக்கம் தனியறையில் மட்டும் பயிலப்படாமல் கூட்டு வாழ்விலும் பயிலப்படுகிறது என்பதே அப்பாடம்.

வகுப்பறைக்கான முறை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் நான்கு படிகள் முன்மொழியப்படுகின்றன.

முதற்படி, பெயரிடல். ‘மன அழுத்தம்’ என்னும் சொல்லைத் தவிர்த்து, உற்ற உணர்வையும் உடலில் தோன்றிய குறியையும் மாணவர் நாள்தோறும் இரண்டு வரிகளில் குறித்துவருதல். குறிப்பேடு மாணவர்க்கே உரியது, மதிப்பெண்ணுக்கு உரியதன்று.

இரண்டாம் படி, களம் காணல். உணர்வு எதன்வழிப் பிறந்தது என வினவி, மாற்றத்தக்க களத்தையும் மாற்றவியலாக் களத்தையும் பிரித்தறிதல். லாசரஸ், ஃபோக்மன் ஆகியோர் 1984இல் விளக்கிய சிக்கல்சார் கையாளல், உணர்வுசார் கையாளல் என்னும் பகுப்பு இதற்குத் துணையாகும்.

மூன்றாம் படி, அடங்கல். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் நீளமாக விடுதல், நடத்தல், கைத்தொழில் ஆகியவற்றால் உடல் தணிந்தபின், கலக்கத்தைக் கையாறாகக் கொள்ளாது மீள எண்ணுதல்.

நான்காம் படி, பகிர்தல். இணை மாணவரிடமோ ஆசிரியரிடமோ உணர்வின் பெயரையும் களத்தையும் கூறுதல். பெருமிதத்தின் களங்களுள் கல்வியும், உவகையின் களங்களுள் விளையாட்டும் அடங்குதலால், துயரை மட்டுமன்றி அவற்றையும் பகிர இடமளித்தல் வேண்டும்.

எல்லைகள்

இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று மருத்துவ எல்லை. சோர்வு வாரக்கணக்கில் நீடிப்பினும், உயிர்நீக்கும் எண்ணம் தோன்றினும், இலக்கியப் பயிற்சி போதாது. உடனடியாக மருத்துவரிடமோ 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணிடமோ மாணவரைக் கொண்டுசேர்த்தல் ஆசிரியர் கடமை.

மற்றொன்று அற எல்லை. வெகுளியின் களங்களுள் ஒன்றாக ‘அலை’ என்பதைத் தொல்காப்பியர் கூறுகிறார். பிறரை அலைத்தல், துன்புறுத்தல் என்பது அதன் பொருள். கேலிவதைக்கு உள்ளான மாணவரிடம் சினத்தை அடக்குமாறு கூறுவது களத்தை விட்டுவிட்டு மெய்ப்பாட்டைக் குற்றஞ்சொல்வதாகும். தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது, அக்களத்தை நீக்கும் பொறுப்பு நிறுவனத்திற்கும் அரசுக்கும் உரியது என்பதாலேயே. சாதி இழிவுக்கும் கட்டணச் சுமைக்கும் இது பொருந்தும். நிறுவனம் தீர்க்க வேண்டியதை மாணவரின் மூச்சுப்பயிற்சியின்மேல் ஏற்றுவது கல்வியாகாது.

முடிவுரை

• ‘மன அழுத்தம்’ என்னும் பொதுச்சொல் வெவ்வேறு துயரங்களையும் நோயையும் வேறுபாடின்றிச் சுட்டுவதால், உரிய உதவி தடைப்படுகிறது.

• மெய்ப்பாட்டியல் உணர்வையும் அதன் களத்தையும் பிரித்துப் பெயரிடும் சொல்வளத்தை நல்குகிறது.

• அடக்கமுடைமை அதிகாரத்தில் ஐம்பொறிகளுக்குப் பிறவினையும் மாந்தர்க்குத் தன்வினையும் ஆளப்பட்டிருத்தலால், உணர்வை அமுக்குதற்கு அவ்வதிகாரத்தைச் சான்றாக்குதல் பொருந்தாது.

• காந்திகிராமக் கல்விமரபு தன்னடக்கத்தைக் கூட்டுவாழ்வில் பழகும் திறனாகக் காட்டுகிறது.

• களம் பிறரால் உண்டாக்கப்பட்டதாயின் அடங்க வேண்டியவர் மாணவர் அல்லர். நீங்க வேண்டியது களமே.

தமிழ்த்துறைகளில் மெய்ப்பாட்டியல் பெரும்பாலும் சங்கப் பாடல்களுக்கு மெய்ப்பாடு காணும் பயிற்சியாகவே நடத்தப்படுகிறது. பாடலின் தலைவிக்கு எழுந்த கையாற்றை இனங்காணும் மாணவர், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழரின் கையாற்றையும் தம் கையாற்றையும் இனங்காண்பாராயின், அவ்வியல் கற்பிக்கப்பட்டதன் பயன் நிறைவுறும்.