மலைச் சைக்கிள் போட்டிக்குத் திரும்புகிறீர்களா? தேதியை உடல் சொல்லட்டும்

2021 மே மாத இறுதியில், பயிற்சியின்போது கார் மீது மோதி விழுந்தார் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக். காறை எலும்பு நொறுங்கியது. தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எட்டு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டியில் அவர் தங்கம் வென்றார். 2024இல் கோவிட் வந்து டூர் டி பிரான்ஸைப் பாதியில் விட்டவர், அதே மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம் வென்றார்.

அடிபட்டு வீட்டில் இருப்பவருக்கு இதைக் கேட்டால் தெம்பு வரும். ஆனால் அவருடைய எட்டு வாரத்தை உங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அப்போது 21 வயது. மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பயிற்சியாளரும் கூடவே இருந்தார்கள். சைக்கிள்தான் அவருக்கு வேலை. நீங்களோ அலுவலகம் போய்வந்து, மிச்ச நேரத்தில் மிதிப்பவர். விழுந்து எலும்பு முறிந்து, அது ஆறுவதற்குள் டெங்குவோ டைபாய்டோ வந்து படுத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். எலும்பு, மூச்சு, துணிச்சல் மூன்றும் ஒரே சமயத்தில் தேறுவதில்லை. கடைசியாகத் தேறுவது எதுவோ, அதை வைத்துத்தான் போட்டித் தேதியைக் குறிக்க வேண்டும்.

எலும்பு கூடியதா?

பெரியவர்களுக்குக் காறை எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். வலி போனதாலேயே எலும்பு கூடிவிட்டது என்று ஆகாது. எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் டிரெய்னரில் மிதிப்பதற்கு அவர் சீக்கிரமே அனுமதி தரலாம். ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் வரும் அதிர்வைக் கைகளும் தோள்களும் தாங்க வேண்டியிருக்கும். அங்கே மறுபடி விழவும் கூடும். ஆகவே மிதிக்கக் கிடைத்த அனுமதி வேறு, மலையில் இறங்கக் கிடைக்கும் அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ளச் சில சோதனைகள் உண்டு. இரண்டு கைகளும் வலியில்லாமல் தலைக்கு மேல் ஒரே உயரத்துக்குப் போக வேண்டும். தரையில் தண்டால் எடுக்க முடிய வேண்டும். இரண்டு கைப்பிடியும் ஒரே பலத்தோடு இருக்க வேண்டும். அதன்பின் டிரெய்னர், தார் ரோடு, மண் ரோடு, பழகிய சுலபமான காட்டுப்பாதை, கடைசியாகப் போட்டிக்கு இணையான பாதை என்று படிப்படியாகப் போங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

விழுந்தபோது தலையிலும் அடிபட்டிருந்தால், தலைவலி, மயக்கம், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது எல்லாம் முழுதாக நிற்கும்வரை சைக்கிளை வெளியே எடுக்கவே கூடாது. அடிபட்ட ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். ஹேண்டில்பாரையும் முன் ஃபோர்க்கையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்பன் பாகங்களில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

காய்ச்சலுக்குப் பிறகு

காய்ச்சலோடு பயிற்சி செய்வது இதயத் தசையில் அழற்சியைக் கொண்டுவரலாம். அப்படி வந்தால் மாதக்கணக்கில் போட்டியை மறக்க வேண்டியதுதான். தேறிய பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் உடனே நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள்.

டெங்கு விட்ட பிறகும் அசதி பல வாரம் இருக்கலாம். பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருக்கும்போது விழுந்தால் ரத்தம் நிற்பது கஷ்டம். எனவே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் மலைப்பாதைக்குப் போகாதீர்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டைபாய்டு போன்ற நோய்க்காகச் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத் தசைநாண், குறிப்பாகக் குதிகால் நாண், அறுந்துபோகும் அபாயம் உண்டு. மருந்தை நிறுத்திச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் கழித்துக்கூட இது வரலாம். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதைச் சீட்டில் பாருங்கள். குதிகாலுக்கு மேல் வலி வந்தால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்காதீர்கள்.

பழைய எண்களை ஒதுக்கி வையுங்கள்

படுத்திருக்கும் முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும். அதனால் பழைய வேகத்தில் போனால் நாடித்துடிப்பு முன்பைவிட எகிறும். முன்பு ஏறிய மேட்டையும் அன்று காட்டிய வாட் கணக்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் வாரங்களில், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். அது சுலபமாகத் தெரிந்தபின் வாரத்தில் ஒரு நாள் கடும் பயிற்சி சேருங்கள். தினமும் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பைக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிடப் பத்து துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு. இமயமலையில் எம்டிபி ஹிமாலயா போன்ற பல நாள் போட்டிகளில் உயரமும் சேர்ந்துகொள்ளும். நுரையீரல் நோயிலிருந்து எழுந்தவர்கள் முதலில் சமவெளியிலோ தாழ்ந்த மலையிலோ ஒரு நாள் போட்டியில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பயத்துக்கும் நேரம் கொடுங்கள்

விழுந்தவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். கை விறைக்கும், பார்வை முன்சக்கரத்துக்கு அடியிலேயே நிற்கும். அதனாலேயே மறுபடி விழுவார். சீட்டைத் தாழ்த்துங்கள், முழங்கையை மடக்குங்கள், பாறையைப் பார்க்காமல் போக வேண்டிய வழியைப் பாருங்கள். விழுந்த இடத்தை முதலில் நடந்து பாருங்கள், ஓட்டுவது பிறகு. ரியோ 2016இல் தங்கம் வென்ற ஸ்வீடனின் யென்னி ரிஸ்வெட்ஸ் மனச்சோர்வால் போட்டிகளை விட்டு விலகினார். 2019இல் திரும்பி வந்து லென்சர்ஹைடேயில் உலகக் கோப்பைச் சுற்றை வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். விலகியிருந்த காலம் அவருக்கு நஷ்டமாகவில்லை.

போட்டி நாளில்

முந்தின நாளே பாதையை நடந்து, எந்தெந்த இடத்தில் இறங்கித் தள்ளுவது என்று முடிவு செய்யுங்கள். நெரிசலுக்குள் போகாமல் பின்வரிசையில் கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். வலியை அடக்க ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், நிறுத்தச் சொல்லும் வலியையும் மறைத்துவிடும். தோளில் குத்தல், நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் விலகுவது என்று வீட்டிலேயே முடிவெடுத்து, உங்களுக்காகக் காத்திருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த முதல் போட்டியில் பெரிய வெற்றி, முழுசாக வீட்டுக்கு வருவதுதான். இந்த ஆண்டு விட்டுப்போனால் அடுத்த ஆண்டு போட்டி உண்டு. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பெயர் கொடுங்கள்.