வால் அறுந்த ஆண்டிமடம்

ஆண்டிமடத்தில் ஒரு முந்திரிக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன. தமிழில் அடித்தால் பெயரின் வால் அறுந்து, கடைசியில் கேள்விக்குறி விழுகிறது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஆண்டிமடம்

பிரிண்டர் பாவம், விட்டுவிடுங்கள். கோளாறு எண்ணிக்கையில் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். ‘ஆண்டிமடம்’ பள்ளிக்கூடக் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடோ மெய்யின் புள்ளியையும் ‘டி’யின் மேல்விலங்கையும் தனித்தனியாக எண்ணும், அதன் கணக்கில் 9. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. நிரல் 20 பைட்டில் கத்தரி போட்டால் ‘ஆண்டிம’ வரை தப்பும். அடுத்த ‘ட’ இரண்டு பைட்டோடு நின்று கேள்விக்குறியாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும் என்பதால்தான் அங்கே குட்டு வெளிப்படவில்லை.

பைட் கணக்கில் வெட்டுவதை நிறுத்துங்கள். பைத்தானில் எழுதியிருந்தால் ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ‘செக்மென்டர்’ வசதி மொழியிலேயே இருக்கிறது. தரவுத்தளத்தில் பெயருக்கான இடத்தையும் தாராளமாக்குங்கள்.

கையோடு இன்னொன்று. உங்கள் பக்கத்தில் கொளஞ்சி என்ற பெயர் சகஜம். ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ஒரு வகையில் சேமித்ததை மறு வகையில் தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் பெயரை எல்லாம் ‘என்எஃப்சி’ என்ற ஒரே யூனிகோடு வடிவுக்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றியதும் கொளஞ்சி என்ற பெயரில் ஒரு சோதனை பில் போட்டுவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.