ஒரகடம் பக்கம் வேலை தொடங்கும் இளம் உளநல ஆலோசகர்களுக்கு

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று காரும் டயரும் மோட்டார் சைக்கிளும் கைபேசியும் இரவு பகலாகத் தயாராகும் இந்த வட்டாரத்துக்கு வந்திருக்கிறீர்கள். படிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற நல்ல மனமும் இருக்கிறது. அந்த மனம் உங்கள் நேர அட்டவணையிலும் கட்டணத்திலும் கோப்பிலும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியிலும் தெரிந்தால்தான் தேடி வருகிறவருக்குப் பயன். இந்தத் தொழிலில் தலை நரைத்தவர் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. ஷிஃப்டைப் பார்த்து நேரம் வையுங்கள்.

மூன்று ஷிஃப்டு ஓடும் ஊரில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் அறையைத் திறந்தால், உங்கள் உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கு அது பூட்டிய அறைதான். லீவு எடுத்தால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் போய்விடும். ஹாஸ்டல் பெண் வெளியே வர வார்டனிடம் காரணம் சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்டு முடித்து வருபவருக்குக் காலையில் கொஞ்ச நேரம், வார விடுமுறையில் அரை நாள், வர முடியாதவருக்குப் போன் என்று ஒதுக்குங்கள். கட்டணத்தை அவர்கள் கையில் உள்ளதைப் பார்த்து வையுங்கள்.

2. சம்பளம் யார் கொடுத்தாலும் ரகசியம் சொன்னவருக்கே சொந்தம்.

கம்பெனியே உங்களை அமர்த்தலாம். அப்போது, “யார் யார் வந்தாங்க, என்ன பிரச்சினையாம்?” என்று எச்.ஆர். பிரிவிலிருந்து இயல்பாகக் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவில், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. வேலையில் சேரும் முன்பே இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரே லைனில் பத்துப் பேர் வேலை செய்தால், ‘ஒருவர் வந்தார்’ என்று சொல்வதுகூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். உயிருக்கு ஆபத்து, போக்சோ சட்டத்தின்கீழ் தெரிவித்தே ஆக வேண்டிய சிறார் மீதான பாலியல் குற்றம் போன்ற விலக்குகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி அனைவருக்கும் சொன்னார் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. நீங்கள் கற்ற அறிவை அப்படி எல்லோருக்கும் கொடுங்கள். தூக்கம் ஏன் கெடுகிறது, பதற்றம் எப்படி வருகிறது, உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் கேன்டீனிலும் ஹாஸ்டலிலும் உரக்கச் சொல்லுங்கள். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

3. சூழல் கொடுத்த வலியை ஆளின் குறையாக்காதீர்கள்.

2021 டிசம்பரில், கைபேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த வாரம் அவர்களில் ஒருத்தி உங்களிடம் வந்து, “சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்றிருந்தால், மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமா? அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தனியாகச் செய்ய முடிந்தது எது, சேர்ந்து கேட்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க உதவுங்கள். வேலையிடத்து நெறிகளோடு ஒத்துப்போகாததை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒரு பையனைக் ‘கோபப் பிரச்சினை’ என்று உங்களிடம் அனுப்பினால் அதை நினைவில் வையுங்கள்.

4. சாதியைத் துருவாதீர்கள், சாதியைப் பற்றிப் பேசினால் காதை மூடாதீர்கள்.

“எந்த ஊரு? எந்தத் தெரு?” என்ற கேள்வி எதற்கு என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதைக் கேட்காதீர்கள். ஆனால் ஒருவர் தாமாக, “லைனில் என்னைச் சாதி சொல்லிப் பேசுறாங்க” என்றால், “அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க” என்று மூடிவிடாதீர்கள். சாதி மாறிக் காதலிக்கும் பெண் வந்தால், பெற்றோர் மனதை எடுத்துச் சொல்வது உங்கள் வேலை அல்ல. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மாறித் திருமணம் செய்ததற்காகச் சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. உயிருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இப்படிப்பட்ட இணையருக்கு மாவட்டம்தோறும் தனிப்பிரிவு அமைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் யாரை அணுகுவது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

5. உங்கள் மதிப்பீடுகளை நீங்களே விசாரியுங்கள்.

கடவுள், கற்பு, குடி, திருமணம் ஆகியவை பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கும், இருக்கட்டும். அது எதிரில் இருப்பவர் வாழ்க்கைக்குச் சட்டமாகக் கூடாது. ஒருபாலின ஈர்ப்புள்ள இரண்டு பெண்களின் வழக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே அமர்ந்து கற்றார். ஜூன் 7 அன்று வந்த அவருடைய உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. தீர்ப்பு எழுதும் முன் ஒரு நீதிபதி மாணவராக உட்கார்ந்தார். ஆலோசனை சொல்லும் முன் நாமும் உட்காரலாம். மகனைச் ‘சரி செய்ய’ அழைத்து வரும் பெற்றோரிடம் கனிவாகப் பேசுங்கள். அந்த வேலையை மட்டும் ஏற்காதீர்கள்.

6. அவர்கள் சொல்லில் கேளுங்கள்; ஒப்பந்தக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

டிப்ரஷன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல என்பார்கள். அந்தச் சொற்களை அப்படியே கோப்பில் எழுதுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழும் வராது, உங்களுக்கு அவர்கள் மொழியும் வராது. அழைத்து வந்த ஆளை நடுவில் வைத்தால் உண்மை வெளிவராது, ஏனென்றால் அவர் கையில்தான் அவர்களின் வேலை இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இலவசமாக, பல இந்திய மொழிகளில் இயங்குகிறது. அந்த எண்ணை அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

7. சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள்.

“செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் எண்ணம் புதிதாக வராது, அடைத்து வைத்திருந்தது வெளியே வரும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸ் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பத்துக்கு இதை விளக்குங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்ணும் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

8. வேறிடம் அனுப்புவதைத் தப்பிக்கும் வழியாக்காதீர்கள்.

குரல் கேட்பவர், பல நாள் தூங்காமல் பரபரப்பவர் ஆகியோருக்கு மனநல மருத்துவர் தேவை. அவர்களை அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ தாமதமின்றி அனுப்புங்கள். ஆனால் ஒரு திருநங்கையோ மது அடிமையோ வந்ததும், “எனக்கு இதில் பயிற்சி இல்லை” என்று ஒவ்வொரு முறையும் அனுப்பினால் அது விலக்கி வைத்தலே. பாலினம், பாலீர்ப்பு, மதம், சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு. பயிற்சி இல்லையென்றால் போய்ப் பெற்றுக்கொள்ளுங்கள். மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தவறாமல் உங்கள் வேலையைக் காட்டிப் பேசுங்கள்.

9. வராதவர்களைக் கணக்கெடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பதிவேட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். வந்தவர் எல்லோரும் நிரந்தரத் தொழிலாளிகளா? தமிழ் பேசுபவர்கள் மட்டுமா? ஹாஸ்டல் பெண்கள் ஏன் இல்லை? மாற்றுத்திறனாளி ஏறி வரப் படியில்லாத வழி இருக்கிறதா? ஒருமுறை வந்து திரும்பி வராதவர்கள் யார், அன்று நாம் என்ன சொன்னோம்? விடுபட்டவர்கள் யாரென்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு வேலையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.